விளக்கமறியல் முதல் விடுதலை வரை: நீதிமன்றச் செய்தியை வாசிக்கும் முறை

கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் செய்திப் பிரிவில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த மூன்றாவது வாரத்தில், சென்னை நாளிதழ்களை வாசித்துப் பழகியிருந்த என் கை, ஆங்கிலப் பிரதியில் இருந்த 'ஹை கோர்ட்' என்பதை 'உயர் நீதிமன்றம்' என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டது. மறுநாள் காலையில் வந்த முதல் தொலைபேசி அழைப்பு ஒரு சட்டத்தரணியுடையது. "தம்பி, என்ர கட்சிக்காரரை ஒரே இரவில இரண்டு படி மேல ஏத்திப் போட்டீங்களே" என்றார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னாலும், மேல் நீதிமன்றத்தில் நடந்த ஒரு சாதாரண வழக்கு நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில் முடிந்துவிட்டதாக ஊரெல்லாம் வாசித்திருந்தது.

தமிழ்நாட்டில் உச்ச நீதிமன்றம் மேலே, அதற்குக் கீழே உயர் நீதிமன்றம். இலங்கையில் உச்ச நீதிமன்றம் என்ற பெயரே இல்லை. இங்கே உயர் நீதிமன்றம்தான் உச்சியில் இருக்கிறது. அதன் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றமும், அதற்கும் கீழ் மேல் நீதிமன்றமும் வருகின்றன. இரு நாட்டுச் செய்திகளும் ஒரே கைத்தொலைபேசியில் கலந்து வருகின்ற இக்காலத்தில், 'உயர் நீதிமன்றம்' என்ற சொல்லைக் கண்டவுடன் அது எந்த நாட்டுச் செய்தி என்று பார்ப்பதை முதற்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கொழும்பில் வாழ்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிங்களத் தொலைக்காட்சியில் 'ஸ்ரேஷ்டாதிகரணய' என்று கேட்டால் அது உயர் நீதிமன்றம். 'அபியாசனாதிகரணய' என்பது மேன்முறையீட்டு நீதிமன்றம். 'மஹாதிகரணய' என்பது மேல் நீதிமன்றம். 'மஹா' என்ற அடைமொழியைக் கேட்டு அதுவே எல்லாவற்றிலும் பெரியது என்று நினைத்துக்கொள்பவர்களை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ தடவை சந்தித்திருக்கிறேன்.

நீதிமன்றச் செய்தியை விளங்கிக்கொள்வதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. எந்த மன்று, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அச்சாகியிருக்கும் வாக்கியம் யாருடைய வாயிலிருந்து வந்தது என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு செய்தியிடமும் கேட்டால் போதும். கலைச்சொற்கள் யாவும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்கு விடையாகவே வருகின்றன.

எந்த மன்று

மன்றை இனங்காண்பதற்கு எளிய வழி, தீர்ப்பளித்தவரின் பதவிப்பெயரைப் பார்ப்பதாகும். 'நீதவான்' என்றிருந்தால் அது நீதவான் நீதிமன்றம். கைதாகும் ஒருவர் பெரும்பாலும் முதன்முதலில் முற்படுத்தப்படுவது அங்கேதான். 'நீதிபதி' என்றிருந்தால் மாவட்ட நீதிமன்றமாகவோ மேல் நீதிமன்றமாகவோ இருக்கும். 'நீதியரசர்' என்ற சொல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தவருக்கும் உயர் நீதிமன்றத்தவருக்கும் மட்டுமே உரியது. காணி, கடன், விவாகரத்து போன்ற குடியியல் வழக்குகள் மாவட்ட நீதிமன்றத்துக்கும், கொலை, பாரிய மோசடி போன்ற கடுங்குற்றங்கள் மேல் நீதிமன்றத்துக்கும் செல்கின்றன. பெரிய வணிகப் பிணக்குகளுக்கென்று கொழும்பில் வணிக மேல் நீதிமன்றம் தனியாக இயங்குகிறது.

'மூவரடங்கிய விசேட மேல் நீதிமன்றம்' அல்லது 'ட்ரயல் அட் பார்' என்று வந்தால், யூரர் சபை இல்லாமல் மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் ஒன்றாக அமர்ந்து விசாரிக்கும் வழக்கு அது என்று கொள்ள வேண்டும். உயர் நீதிமன்றத்தில் பிரதம நீதியரசரையும் சேர்த்து 17 பேர் வரையும், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 20 பேர் வரையும் இருக்கலாம். ஆனால் எல்லோரும் ஒரே வழக்கில் அமர்வதில்லை. ஆகவே செய்தியில் வரும் 'ஐவரடங்கிய குழாம்', 'எழுவரடங்கிய குழாம்' என்ற எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு. குழாம் பெரிதானால், அந்த விடயத்தை நீதிமன்றம் பாரதூரமானதாகக் கருதுகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

எந்தக் கட்டம்

தடுமாற்றம் மிகுதியாக நேர்வது இங்கேதான். பின்வரும் பந்தியை உதாரணத்துக்காக நானே எழுதியிருக்கிறேன். இதைப் போன்ற ஒன்று நாளாந்தம் ஏதாவதொரு பத்திரிகையில் இருக்கும்.

"போலி உறுதி தயாரித்துக் காணியொன்றை விற்பனை செய்த குற்றச்சாட்டில் கைதான சந்தேகநபரை எதிர்வரும் 14ஆம் திகதி வரை விளக்கமறியலில் வைக்குமாறு கொழும்பு மேலதிக நீதவான் நேற்று உத்தரவிட்டார். குற்றப் புலனாய்வுத் திணைக்கள அதிகாரிகள் பீ அறிக்கை ஊடாக மன்றுக்கு விடயங்களை முன்வைத்ததுடன், சட்டமா அதிபரின் ஆலோசனை கோரப்பட்டுள்ளதாகவும் தெரிவித்தனர்."

தேநீர்க்கடையில் இதை வாசிப்பவர் "கள்ள உறுதிக்காரனை மறியலில் போட்டுவிட்டார்கள்" என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். ஆனால் பந்தியில் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. விளக்கமறியல் என்பது தண்டனையாகாது. புலனாய்வோ விசாரணையோ நடக்கும்போது நீதிமன்றத்தின் கட்டளைப்படி ஒருவரைத் தடுத்துவைத்திருப்பதாகும். கொழும்பில் எல்லோரும் 'ரிமாண்ட்' என்று சொல்வது இதைத்தான். வழமையாக ஒரு தடவையில் இரண்டு வாரங்களுக்கு மேற்படாமல் கட்டளையிடப்படுவதால் ஒரே நபர் 'மீண்டும் விளக்கமறியலில்' என்ற தலைப்பில் திரும்பத் திரும்ப வருகிறார். புதிதாக ஒன்றும் நடக்கவில்லை, தவணை நீடிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பீ அறிக்கை என்பது புலனாய்வு எந்த அளவில் இருக்கிறது என்று பொலிஸார் நீதவானுக்குச் சமர்ப்பிக்கும் அறிக்கை. அதில் உள்ளவை பொலிஸார் சொல்பவை. மறுதரப்பு அவற்றை இன்னும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. சட்டமா அதிபர் என்பவர் அரசின் தலைமைச் சட்ட அதிகாரி. 'சட்டமா அதிபரின் ஆலோசனை' என்ற தொடர் வந்தால், வழக்குத் தொடர்வதா விடுவதா என்பதே இன்னும் முடிவாகவில்லை என்று விளங்கிக்கொள்ளலாம்.

சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும்போதுதான் கட்டம் மாறுகிறது. அதுவரை 'சந்தேகநபர்' என்று எழுதப்பட்டவர் அதன்பின் 'குற்றஞ்சாட்டப்பட்டவர்' ஆகிறார். குற்றப்பத்திரிகை கையளிக்கப்பட்ட அன்று கைவிரல் அடையாளம் எடுக்கப்பட்டதாகச் செய்தியில் ஒரு வரி வரும். அது நடைமுறையின் ஓர் அங்கமே தவிர, புதிதாக ஏதோ கண்டுபிடிக்கப்பட்டதென்று பொருளில்லை. நம் நாட்டுத் தமிழ் நீதிமன்றங்களில் குற்றஞ்சாட்டப்பட்டவரை 'எதிரி' என்று குறிப்பிடும் வழக்கமும் இருக்கிறது. 'முதலாம் எதிரி', 'இரண்டாம் எதிரி' என்று வாசித்துவிட்டு, யாருக்கு யார் பகைவர் என்று குழம்பிய வாசகர் ஒருவர் எனக்குக் கடிதமே எழுதியிருக்கிறார்.

விளக்கமறியலையும் தடுப்புக்காவலையும் ஒன்றாக எழுதுவது செய்தியாளர்களே செய்யும் பிழையாகும். விளக்கமறியலுக்குக் கட்டளையிடுபவர் நீதிமன்றத்தில் இருப்பவர். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான தடுப்புக்காவல் உத்தரவிலோ கையொப்பமிடுபவர் அமைச்சர். அவ்வாறு தடுத்துவைக்கக்கூடிய உச்சக் காலம் 18 மாதங்களாக இருந்து, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. கட்டளையிட்டவர் யார் என்று பார்த்தால் இரண்டையும் ஒருபோதும் மாற்றிக்கொள்ள மாட்டீர்கள்.

பிணையும் விடுதலையும்

தலைப்பெழுதுபவர்களின் சோம்பலால் அதிகம் கெட்டுப்போன சொல் 'விடுதலை'. 'முன்னாள் அமைச்சர் விடுதலை' என்ற தலைப்பின் கீழ், அவர் பிணையில் சென்ற செய்தியும் இருக்கலாம், குற்றமற்றவரென்று தீர்ப்பளிக்கப்பட்ட செய்தியும் இருக்கலாம், முறைப்பாட்டில் தொழில்நுட்பக் குறைபாடு இருந்ததனால் வழக்கு மீளப்பெறப்பட்ட செய்தியும் இருக்கலாம். முதலாவதில் வழக்கு தொடர்கிறது. இரண்டாவதில் அந்த மன்றைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. மூன்றாவதில் குறைபாட்டை நீக்கி மீண்டும் தாக்கல் செய்வதற்கு இடம் இருக்கக்கூடும். ஆகவே 'விடுதலை' என்ற சொல்லைக் கண்டால் தலைப்போடு நின்றுவிடாமல் இரண்டாவது பந்தி வரை வாசிக்க வேண்டும்.

பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்பது 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் அடிப்படை. ஆகவே ஒருவருக்குப் பிணை கிடைத்தது என்பதைக் கொண்டு வழக்கு பலவீனமானதென்றோ, நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டதென்றோ முடிவு கட்டக்கூடாது. "ஒரு இலட்சம் ரூபா ரொக்கப் பிணையிலும், தலா பத்து இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு சரீரப் பிணைகளிலும் விடுவிக்கப்பட்டார்" என்ற வாக்கியத்தில், காசாகக் கட்டப்பட்டது ஒரு இலட்சம் மட்டுமே. சரீரப் பிணை என்பது, இரண்டு பேர் முன்வந்து, அவர் தவணைக்கு வராவிட்டால் அந்தத் தொகையைச் செலுத்துவோம் என்று கையொப்பமிடுவது. இருபத்தொரு இலட்சம் எங்கிருந்து வந்தது என்று சமூக ஊடகங்களில் நடக்கும் விசாரணைக்கு இந்த ஒரு சொல்லை அறியாமையே காரணம். முன்பிணை என்பது கைதாவதற்கு முன்னரே கோரப்படுவது. பிடியாணை என்பது கைது செய்வதற்கான கட்டளை. அழைப்பாணை என்பது வரச்சொல்லும் கட்டளை மட்டுமே.

தண்டனைச் செய்திகளிலும் ஒரு கண்ணி உண்டு. 'இரண்டு வருட சிறைத்தண்டனை, ஐந்து வருடங்களுக்கு ஒத்திவைப்பு' என்றால் அவர் அன்று மாலை வீட்டுக்குப் போகிறார்; அந்த ஐந்து வருடங்களுக்குள் மீண்டும் குற்றமிழைத்தால் அந்தத் தண்டனையையும் அனுபவிக்க வேண்டிவரும். மரண தண்டனை விதிக்கப்பட்டதென்ற செய்தி அடிக்கடி வந்தாலும், 1976ஆம் ஆண்டின் பின்னர் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 'தண்டனை விதிப்பு' வேறு, 'தண்டனை நிறைவேற்றம்' வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

மனுக்கள்: குற்றவாளி இல்லாத வழக்குகள்

உயர் நீதிமன்றச் செய்திகளில் பெரும்பகுதி அடிப்படை உரிமை மீறல் மனுக்களைப் பற்றியது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ், நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலினால் உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் மனுத்தாக்கல் செய்ய வேண்டும். இங்கே வாதியும் எதிரியும் கிடையாது. மனுதாரரும் பிரதிவாதிகளும் மட்டுமே உண்டு. 'மனுவை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள அனுமதி' என்ற செய்தி வந்ததும் வெற்றி விழாக் கொண்டாடுபவர்கள், அது கதவு திறக்கப்பட்டதற்கான அறிவிப்பு மட்டுமே என்பதை மறந்துவிடுகிறார்கள். அடுத்து வரும் 'இடைக்காலத் தடையுத்தரவு' என்பதும் இறுதித் தீர்ப்பாகாது. 2018 நவம்பர் 13ஆம் திகதி, பாராளுமன்றத்தைக் கலைத்த வர்த்தமானி அறிவித்தலுக்கு உயர் நீதிமன்றம் விதித்தது இடைக்காலத் தடை. அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானதென்று எழுவரடங்கிய குழாம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 13ஆம் திகதி. இடைப்பட்ட அந்த முப்பது நாட்களில் 'கலைப்பு செல்லாது' என்று எழுதிய ஒவ்வொருவரும் நீதிமன்றத்தை முந்திக்கொண்டவர்களே.

2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலைத் தடுக்கத் தவறியது தொடர்பான வழக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணாடிபோலத் தெரியும். முன்னாள் பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவையும் முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோவையும், 2022 பெப்ரவரியில் கொழும்பு விசேட மேல் நீதிமன்றம் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது. சட்டமா அதிபர் அதற்கெதிராக மேன்முறையீடு செய்தது தனிக் கதை. 2023 ஜனவரி 12ஆம் திகதியோ, உயர் நீதிமன்றம் அதே இருவர் உட்படப் பலரும் அடிப்படை உரிமைகளை மீறியுள்ளதாகக் கண்டு, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்றும் ஏனையோர் வெவ்வேறு தொகைகளைச் செலுத்த வேண்டுமென்றும் கட்டளையிட்டது. விடுவிக்கப்பட்டவர்கள் எப்படி நட்டஈடு செலுத்தலாம் என்று பலர் கேட்டார்கள். முதலாவது குற்றவியல் வழக்கு; அங்கே நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். இரண்டாவதில் கேள்வியே வேறு: கடமையைச் செய்யத் தவறியதனால் மக்களின் உரிமை மீறப்பட்டதா என்பது. அதனால் அங்கே 'குற்றவாளி', 'அபராதம்' என்ற சொற்கள் வரக்கூடாது. 'பொறுப்புடையவர்', 'நட்டஈடு' என்றே எழுத வேண்டும். அன்று சில தலைப்புகளில் 'அபராதம்' என்ற சொல்லைப் பார்த்தபோது எனக்குக் கை துடித்தது.

மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் செல்லும் 'ரீட் மனு' அல்லது எழுத்தாணை மனு என்பது, அரச அதிகாரி ஒருவரின் முடிவை இரத்துச் செய்யவோ, செய்யவேண்டியதைச் செய்யும்படி பணிக்கவோ கோருவது. தடுத்துவைக்கப்பட்டவரை மன்றில் முற்படுத்தும்படி கோருவது ஆட்கொணர்வு மனு. 'நகர்த்தல் பத்திரம்' என்றால், குறித்த தவணைக்கு முன்னரே வழக்கை அழைக்கும்படி சட்டத்தரணி சமர்ப்பிக்கும் விண்ணப்பம் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

யாருடைய வாய்

இனி வினைச்சொற்களுக்கு வருவோம். நீதவான் 'உத்தரவிட்டார்', சாட்சி 'சாட்சியமளித்தார்', சட்டத்தரணி 'வாதிட்டார்', பொலிஸார் 'மன்றுக்கு அறிவித்தனர்' என்பவை நடுநிலையானவை. 'சுட்டிக்காட்டினார்', 'அம்பலப்படுத்தினார்', 'ஒப்புக்கொண்டார்' என்பவையோ, சொல்லப்பட்டது உண்மை என்று எழுதுபவரே கையொப்பமிடும் வினைகள். அரச தரப்பில் முன்னிலையான பிரதி சொலிசிட்டர் ஜெனரல் ஒன்றைச் 'சுட்டிக்காட்டினார்' என்றும், பிரதிவாதி சார்பிலான ஜனாதிபதி சட்டத்தரணி (மூத்த சட்டத்தரணிகளுக்கு வழங்கப்படும் பட்டம் இது) அதை மறுத்துக் 'கூறினார்' என்றும் எழுதினால், வாசகர் அறியாமலே தராசு ஒருபக்கம் சாய்ந்துவிடுகிறது. ஒரு பேனையை எடுத்து, நாளைய பத்திரிகையில் ஒரு நீதிமன்றச் செய்தியின் வினைச்சொற்களை மட்டும் வட்டமிட்டுப் பாருங்கள்.

பொலிஸ் ஊடகப் பேச்சாளர் ஊடகச் சந்திப்பில் சொல்வது நீதிமன்றத்தில் சொல்லப்பட்டதாகாது. 'நம்பத்தகுந்த வட்டாரங்கள்', 'என அறியமுடிகிறது' என்பவை தகவல் மூலத்தை மறைக்கும் தொடர்கள். மறைப்பதற்குச் சில வேளைகளில் நியாயமான காரணம் இருக்கும், பல வேளைகளில் நிருபர் ஒருவரிடம் மட்டுமே பேசியிருப்பார். செய்தியும் ஆசிரியத் தலையங்கமும் பத்தி எழுத்தும் அச்சுப் பத்திரிகையில் தனித்தனிப் பக்கங்களில் இருந்தன. கைத்தொலைபேசியில் எல்லாம் ஒரே வடிவில் வருவதால், பத்தியாளரின் ஊகம் நீதிமன்றச் செய்தியாகப் பகிரப்பட்டுவிடுகிறது.

சில தகவல்கள் இல்லாதிருப்பதற்கும் காரணம் உண்டு. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை அடையாளங்காட்டும் விபரங்களை வெளியிடுவதைத் தண்டனைச் சட்டக்கோவை தடைசெய்கிறது. பெயரை விட்டுவிட்டு, கிராமத்தையும் பாடசாலையையும் தந்தையின் தொழிலையும் எழுதுவதும் அடையாளங்காட்டுவதே. நீதிமன்ற அவமதிப்புக்கு நெடுங்காலமாக முழுமையான சட்டம் இல்லாதிருந்து, 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மன்றில் நிகழ்ந்ததை நேர்மையாகவும் துல்லியமாகவும் அறிக்கையிடுவது அவமதிப்பாகாது என்பதே பொதுவான கோட்பாடு. 'நீதிமன்ற விசாரணையில் உள்ள விடயம், ஆகவே பேசமாட்டேன்' என்று அரசியல்வாதி சொன்னால், அது சட்டத்தின் கட்டாயத்தைவிட அவருடைய வசதியாகவே இருப்பதுண்டு. அவதூறைப் பொறுத்தவரை, குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது. நட்டஈடு கோரி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரும் குடியியல் அவதூறு இன்னும் இருக்கிறது. பிழையான செய்தியால் பாதிக்கப்பட்டவர் முதலில் ஆசிரியருக்கு எழுதித் திருத்தமோ பதிலளிக்கும் உரிமையோ கோரலாம். மறுக்கப்பட்டால் 2003இல் ஊடகத் துறையினரே அமைத்த பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவை நாடலாம். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான பத்திரிகைப் பேரவை அரசு சார்ந்த வேறொரு அமைப்பு.

புதுக்கடைக்கு ஒரு நாள்

இவ்வளவையும் வாசிப்பதைவிட ஒரு முற்பகல் கொழும்பின் நீதிமன்றத் தொகுதி இருக்கும் புதுக்கடைக்குச் சென்று வருவது பயனுள்ளது. அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரையின்படி நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமானவை. குடும்ப உறவு, பாலியல் விடயம், தேசிய பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக மட்டுமே நீதிபதி பொதுமக்களை வெளியேற்றலாம். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி, சட்டத்தரணி வேடத்தில் வந்தவர் ஒருவர் நீதவான் நீதிமன்ற அறைக்குள்ளேயே துப்பாக்கிச்சூடு நடத்தியதன் பின்னர் சோதனை இறுக்கமாகிவிட்டது. அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்துக்கு முன்பே செல்லுங்கள். கைத்தொலைபேசியை அணைத்துவிடுங்கள், படமெடுப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

கொழும்பு நீதவான் நீதிமன்றத்தில் நடவடிக்கைகள் சிங்களத்தில் இருக்கும். உயர் நீதிமன்றத்தில் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ்ச் செய்தியில் சொற்கள் சறுக்குவதற்கு இந்த இரட்டை மொழிபெயர்ப்பு பெரும் காரணம். வெறும் பார்வையாளராக அல்லாமல் வழக்கின் தரப்பினராகச் செல்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். மன்றின் மொழி விளங்காதவருக்குத் தமிழில் உரைபெயர்ப்பு வழங்குவது அரசின் கடமை என்று 24ஆம் உறுப்புரை சொல்கிறது. சட்டப்படி அவர் பெறக்கூடிய வழக்கேட்டுப் பகுதிகளைத் தமிழில் கேட்டுப் பெறவும் அதே உறுப்புரை உரிமை தருகிறது. வழக்கு அழைக்கப்பட்டவுடன், வாக்குமூலமோ பதிலோ கொடுப்பதற்கு முன்னரே, "எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று எழுந்து நின்று சொல்லுங்கள். தயக்கத்தினால் தலையாட்டிவிட்டால், அந்தத் தலையாட்டல் வழக்கேட்டில் 'விளங்கிக்கொண்டார்' என்று பதியப்பட்டுவிடக்கூடும்.